லோ ஜி கம்பி வாங்கப் போகிறீர்களா? ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

போன மாதம் ஊட்டியில் ஒரு இசைக்கருவிக் கடையில் ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது டெனர் யுகுலேலே. கிடார் போன்ற சின்ன நாலு கம்பி வாத்தியம், டெனர் என்பது அதில் ஒரு அளவு. நாலு கம்பிக்கும் வழக்கமான ஜி-சி-இ-ஏ சுருதியில் ஓரத்து ஜி கம்பி, பக்கத்து சி கம்பியைவிட மேலே ஒலிக்கும். பாட்டுக்குத் துணையாகத் தட்ட அது போதும். மெட்டு வாசிக்க ஆரம்பித்தபோதுதான் கீழே ஸ்வரம் போதவில்லை என்று தெரிந்தது. அந்த ஜி-யை ஒரு ஸ்தாயி இறக்கி, 392 ஹெர்ட்ஸிலிருந்து 196-க்குக் கொண்டுவருவதைத்தான் லோ ஜி என்கிறார்கள். இருக்கிற கம்பியைத் தளர்த்தினால் தொளதொளத்துவிடும். தடித்த கம்பி தனியாக வேண்டும்.

மழையோடு மழையாகக் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். "இருக்கு சார், இம்போர்ட்டட்" என்று உள்ளே போன கடைக்காரர், பாக்கெட் இல்லாத ஒற்றைக் கம்பிச் சுருளோடு வந்தார். 450 ரூபாய். அவரே மாட்டியும் தந்தார். பிரிட்ஜில், அதாவது பலகை மேல் கம்பியைக் கட்டும் கட்டையில், முடிச்சு விழவில்லை, கொறடு வைத்து வளைத்தார். யுகுலேலே கம்பிக்குக் கொறடு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பிரிட்ஜின் ஒரு பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. அடியில் விசிட்டிங் கார்டு நுழைந்தது. சந்தேகப்பட்டு ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் கம்பியில் வைத்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அக்கூஸ்டிக் கிடாருக்கான ஸ்டீல் கம்பி! முனையில் இருக்கும் குண்டை வெட்டிவிட்டு விற்றிருக்கிறார். நைலான் கம்பியைப் போல இரு மடங்குக்குக் கிட்ட இழுக்கும் அதை யுகுலேலேயின் மெல்லிய பலகை எப்படித் தாங்கும்?

திரும்பப் போய்க் கேட்டால், "குளிருக்குப் பசை விட்டிருக்கும் சார், மேகம் இறங்குற ஊராச்சே" என்றார். நாலு வருஷ மேகத்துக்கு விடாத பசை! பணம் திரும்பவில்லை.

பிரிக்காத பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். நைலானா ஃப்ளோரோகார்பனா (அதுவும் ஒரு பிளாஸ்டிக் இழைதான்) என்று அதிலேயே போட்டிருக்கும். லோ ஜி செட் கிடைக்காவிட்டால், டெனருக்குக் கிளாசிக்கல் கிடாரின் நான்காம் கம்பி, அதாவது டி, நன்றாகவே பொருந்துகிறது. அதிலும் உலோகச் சுற்று உண்டு, ஆனால் உள்ளே நைலான், சுற்று செம்பு. காந்தம் ஒட்டாது. தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டில் பள்ளம் குறுகலாக இருந்தால் கொஞ்சம் அராவ வேண்டிவரும், அதை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. வழக்கத்தைவிடக் கீழான டி-ஜி-பி-இ சுருதி வேண்டும் என்ற நண்பரிடம் அதே கடையில், சாதாரண செட்டையே இறக்கிக்கொள்ளச் சொன்னார்களாம். நாலு கம்பியும் தொங்கிப்போகும். டெனரில் அந்தச் சுருதிக்கென்றே தடிமன் கூட்டிய செட் தனியாக இருக்கிறது.

பிரிட்ஜை ஒட்ட குன்னூரில் 800 ரூபாய் ஆனது. அந்த 450 ரூபாய்க் கம்பி இப்போது ஃப்ரிட்ஜில் தொங்குகிறது, அதே காந்தத்தில்.