ஃபலாஃபல்: கொண்டைக்கடலையா, ஃபாவா அவரையா?

ஃபலாஃபல் என்பது ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரிக்கும் அரபு நாட்டு வடை. பெய்ரூட், டமாஸ்கஸ் பக்கம் அதற்குப் பெரும்பாலும் வெள்ளைக் கொண்டைக்கடலை. கெய்ரோவில் இதன் பெயர் தாமியா, அதற்கு ஃபாவா அவரை. எதையும் வேகவைக்காதீர்கள். இரவு முழுக்க ஊறவைத்துப் பச்சையாகக் கொரகொரப்பாக அரையுங்கள். வெந்த பருப்பு எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

வேலை: கடலையை ஊறப்போட்டால் முடிந்தது. ஃபாவாவுக்குத் தோல் உரிக்க வேண்டும். உடைத்த பருப்பாக வாங்கினால் பிழைத்தீர்கள்.

கிடைப்பது: கடலை எந்த மளிகைக் கடையிலும் உண்டு. ஃபாவாவைத் தேட வேண்டும்.

ருசி: கடலையில் மொறுமொறுப்பும் சீரக வாசமும் தூக்கல். தாமியாவில் கொத்தமல்லி, பார்ஸ்லி, சதகுப்பைத் தழை எல்லாம் அள்ளிப் போடுவதால் பிட்டால் உள்ளே பச்சைப்பசேல். உள்ளே பஞ்சுபோல் இருக்கும், மேலே ஒட்டிய எள் பல்லில் நறுக்கென்று படும்.

முதல்முறை செய்பவர்களுக்குக் கடலையே நல்லது. வெறுமனே சூடாகத் தின்னத் தாமியாதான். என் ஓட்டும் அதற்கே. ஜி6பிடி நொதிக் குறைபாடு (ஃபாவா தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடிய பரம்பரைக் கோளாறு) உள்ளவர்களுக்கு மட்டும் ஃபாவா ஆகவே ஆகாது.