தள்ளப்போவது யார்? பினாங்கு வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி

விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உட்காருகிறவர் தன் கையால் ஓட்டுவாரா, இல்லை வேறொருவர் தள்ளுவாரா? பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் எடை. இரும்பு நாற்காலி 16 முதல் 20 கிலோ வரை வரும். அலுமினியம் என்றால் பெரும்பாலும் 11 முதல் 14. "அஞ்சாறு கிலோதானே வித்தியாசம் அக்கா" என்பார் கடைக்காரர். மைவி காரின் பின் பொனட்டில் அதைத் தூக்கி வைத்து இறக்கப்போவது அவரில்லையே! வீட்டுக்குள் மட்டும் புழங்க இரும்பு போதும், நீடித்தும் உழைக்கும். கிளினிக், கோயில், கல்யாண மண்டபம் என்று வெளியே போகிற குடும்பம் அலுமினியமே வாங்கலாம். இளவயதில் முதுகுத்தண்டு அடிபட்டு, வேலைக்குப் போய் வருகிறவர் கதை வேறு. அவருக்கு மடியாத சட்டமுள்ள, 10 கிலோவுக்கும் குறைவான நாற்காலிதான் தோளைக் காப்பாற்றும். விலை பல மடங்கு என்றாலும் அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது சக்கரம். இதில்தான் நம் ஊர் குறுக்கே வருகிறது. பின்சக்கரம் 12 அங்குலமே உள்ள சின்ன நாற்காலி லேசானது, பொனட்டில் அடக்கமாக உட்காரும், விமான நிலையத்திலும் பேரங்காடியிலும் வழுக்கிக்கொண்டு போகும். அதையே ஜார்ஜ்டவுன் அஞ்சடியில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வோர் உயரம், நடுவில் படி, சாக்கடை மேல் கம்பி மூடி. 24 அங்குலச் சக்கரம் ஏறிக் கடக்கிற மேட்டில் சின்னச் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால், அடுத்தவர் தள்ளுவதாக இருந்தாலும் இங்கே என் ஓட்டு பெரிய சக்கரத்துக்குத்தான்.

ஒரே சிக்கல் அகலம். 18 அங்குல இருக்கையும் பெரிய சக்கரமும் சேர்ந்தால் மொத்தம் 25, 26 அங்குலம் வந்துவிடும். பழைய ஃபிளாட்டின் குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒல்லியான பாட்டிக்கு 16 அங்குல இருக்கையே சரி. இடுப்புக்கு இருபக்கமும் ஒரு விரல் நுழைய வேண்டும். இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். 'தாராளமாக இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்கினால் ஆள் ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்காருவார்.

டயரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். காற்றடைத்தது குலுக்கலைக் குறைக்கும், ஆனால் பஞ்சராகும். கெட்டி ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் பம்ப் பிடிக்க ஆளில்லாவிட்டால் கெட்டி ரப்பரே மேல்.

உண்மையில் காசைப் போட வேண்டிய இடம் மெத்தை. நாள் முழுக்க உட்காருகிறவருக்குப் புட்டத்தில் அழுத்தப்புண் வந்தால் ஆற மாதக்கணக்காகும். சாதாரண ஸ்பஞ்ச் மலிவு, சீக்கிரம் அமுங்கிப்போகும். ஜெல் கனம், ஆனால் பராமரிப்பு குறைவு. அழுத்தத்தைப் பரப்புவதில் காற்றறை மெத்தை கெட்டிக்காரன், கவனிக்க ஆள் இருந்தால் மட்டும். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். எலும்புக்கும் அடித்தட்டுக்கும் இடையே அரை முதல் ஒரு அங்குலம் காற்று இருந்தால் சரி. நிறைய அடைத்தாலும் கெடுதல்தான். மருந்துக்கடையில் விற்கும் வளைய மெத்தையை வாங்கவே வாங்காதீர்கள். நடுவில் ஓட்டை விட்டு, சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெருக்கும்.

மற்ற சாமான்களில், கழற்றவோ மேலே தூக்கவோ முடிகிற, கை வைத்துக்கொள்ளும் பக்கத் தாங்கி கட்டாயம். அது இருந்தால்தான் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தி மாற்ற முடியும். அடுக்குமாடி வாசலில் சரிவுப்பாதை இருந்தால், தள்ளுகிறவர் கைக்கு எட்டும் பிரேக்கும் வேண்டும். சக்கரத்தோடு இருக்கும் பூட்டு, நிறுத்திய பிறகு போடுவதற்கு மட்டும்தான். பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் நல்லவை, ஆனால் முன்சக்கரத்தைத் தூக்கிப் படி ஏற்றும்போது இடிக்கும். மேலே மடக்கக்கூடியதாகக் கேளுங்கள். குடை மாட்டி, கப் மாட்டியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ள, வருமானம் குறைந்த குடும்பம் சமூக நலத்துறையில் துணைக்கருவி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர் அங்கும் விசாரிக்கலாம். டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும், அதனால் கடைக்குப் போகுமுன்பே அதைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'சக்கர நாற்காலி' என்று மட்டும் இல்லாமல், இருக்கை அளவும் மெத்தை வகையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.