பிப்ரவரியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்: டென்வரில் பனி தாங்கும் சப்பாத்திக் கள்ளி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் வெட்டவெளியில், தரையில், குளிர்காலத்துக்கு மூடாமல் சப்பாத்திக் கள்ளி வளர்க்கிறேன் என்றால் ஊரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "வீட்டுக்குள்ள வெச்சிருக்கியா?" என்றுதான். இல்லை. 2022 டிசம்பர் 21 அன்று இங்கே ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் சரிந்தது. மறுநாள் காலை விமான நிலையத்தில் மைனஸ் 31. எங்கள் தெருவில் பல ரோஜாச் செடிகள் அடிவரை கருகிப்போயின. கள்ளிகள் மே மாதம் மொட்டு விட்டன. பத்தாண்டுகளுக்கு மேல் இவற்றோடு பழகியதில் எவை நிலைத்தன, எவை சலிப்புத் தந்தன, கலப்பினம் உண்டாக்குவது உழைப்புக்குத் தகுமா என்று எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சரிகள் பூவின் படத்தைப் போட்டு விற்கின்றன. பூ ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம்தான், அதிலும் ஒவ்வொரு பூவும் பெரும்பாலும் ஒரே நாள். மற்ற நாளெல்லாம் நீங்கள் பார்க்கப்போவது மடலும் முள்ளும். அதனால் ஒரு வகையை வாங்குமுன் பிப்ரவரியில் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பார்த்துவிடுங்கள். டென்வர் பொட்டானிக் கார்டன்ஸில் ட்ரைலேண்ட் மேசா என்று வறண்ட நிலச் செடிகளுக்கான பகுதி ஒன்று உண்டு. கூட்டமெல்லாம் ஜூனில் போகும். நான் குளிர்காலத்தில் போவேன்.

ஏன் பிப்ரவரி? செப்டம்பரில் பகல் குறைந்து இரவு குளிர ஆரம்பித்ததும் மடல்கள் தம்மிடம் உள்ள நீரை விடத் தொடங்குகின்றன. செல்லுக்குள் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. மடலில் இருக்கும் கொழகொழப்பு நீரைப் பிடித்துவைக்கிறது. உறைந்தாலும் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே உருவாகிறதே தவிர, உள்ளே உருவாகிச் சுவரைக் கிழிப்பதில்லை. செடி பிழைப்பது இதனால்தான். ஆனால் பார்ப்பதற்கு? ஃப்ரிட்ஜில் மறந்துபோன கத்தரிக்காய் மாதிரி சுருங்கி, நிமிர்ந்து நின்றதெல்லாம் தரையோடு படுத்துவிடும். சில வகைகள் ஊதா கலந்த சிவப்பாக மாறி அழகாக இருக்கும். சில வகைகள் வெறும் சாம்பல் நிறத்தில் செத்ததுபோல் கிடக்கும். ஏப்ரலில் நீர் ஏறியதும் மடல்கள் மறுபடி நிமிர்ந்துவிடும். முதல் குளிர்காலத்தில் செத்துவிட்டதென்று பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறைய. மே மாதம் வரை தொடாதீர்கள்.

இந்தத் தயாரிப்புக்கு அவகாசம் வேண்டும். 2014 நவம்பரில் இதமாக இருந்த வானிலை திடீரென்று உடைந்து, இரண்டே நாளில் மைனஸ் 25ஐத் தொட்டது. டென்வரில் அப்போது பட்டுப்போன மரங்களுக்குக் கணக்கில்லை. அதே குளிர் ஜனவரியில் வந்திருந்தால் பல பிழைத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியோடு கள்ளிக்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்பது இதனால்தான். செழிக்கட்டும் என்று செப்டம்பரில் தண்ணீரும் உரமும் கொடுத்தால், நீர் நிறைந்த மடலோடு அது பனிக்குள் போகும். குளிர் தாங்கும் வகை என்று சீட்டில் எழுதியிருப்பது வறண்ட, பட்டினி கிடந்த செடிக்கு மட்டும்தான் செல்லும்.

குளிரைவிட ஈரம்தான் கொல்கிறது. டென்வரில் ஆண்டு மழை சுமார் 360 மில்லிமீட்டர், பனியையும் சேர்த்து. அதனால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஆனால் மண் களிமண். அதில் குழி தோண்டி மணலைக் கொட்டி நட்டால் அது கிணறு, தண்ணீர் அங்கேதான் தேங்கும். தரைக்கு மேலே ஓர் அடிக்கு மேடு போடுங்கள். பாதிக்கு மேல் சரளையும் கரடுமணலும், மீதி இருக்கும் மண்ணே போதும். மேலே இரண்டு மூன்று அங்குலம் ஜல்லி. மரத்தூள், மரச்சீவல் எதுவும் வேண்டாம், மடலின் அடி அழுகும். தெற்கு பார்த்த சுவரோரம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே வைத்துவிடலாம்.

இனி வகைகள். ஒபன்ஷியா என்பது சப்பாத்திக் கள்ளியின் பேரினப் பெயர். எங்கள் பக்கத்துச் சமவெளிக்கே சொந்தமானது ஒபன்ஷியா பாலியகாந்தா. டெக்சஸிலிருந்து கனடாவின் ஆல்பெர்ட்டா வரை பரவிக்கிடக்கிறது. முள் அடர்த்தி, உயரம் குறைவு, பூ மஞ்சள் முதல் அடர் மெஜந்தா வரை எதுவாகவும் இருக்கலாம். முதல் செடியாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன். தெற்கு டகோட்டாவின் ஸ்மித்விக் அருகே பண்ணை வைத்திருந்த க்ளாட் பார், இந்தச் சமவெளிக் காடுகரைகளில் தேடித் தேர்ந்தெடுத்த வகைகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. வெள்ளைப் பூ பூக்கும் 'கிரிஸ்டல் டைட்' அதில் ஒன்று. வெள்ளைப் பூ சப்பாத்திக் கள்ளியில் அபூர்வம்.

ஒபன்ஷியா ஃப்ராஜிலிஸ் உலகிலேயே மிக வடக்கே வளரும் கள்ளி. கனடாவின் பீஸ் ரிவர் பள்ளத்தாக்கு வரை காட்டில் வளர்கிறது. குளிரைப் பற்றி இதற்குக் கவலையே கிடையாது. ஆனால் வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் வேண்டாம். கட்டைவிரல் அளவு மடல்கள் தொட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். காட்டில் எருமை, மான் உடம்பில் தொற்றிப் பரவ இதுதான் அதன் வழி. என் வீட்டில் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரவேற்பறைக் கம்பளம் வரை வந்திருக்கிறது. பூவும் கஞ்சத்தனமாகத்தான் வரும்.

பாலைவனத்து ஒபன்ஷியா பசிலாரிஸ், நீண்ட முள் இல்லாமல் நீலச் சாம்பல் மடலோடு இருக்கும் அழகி. மெஜந்தா பூ. மொஹாவி பாலையிலிருந்து வந்தது. குளிரை ஓரளவு பொறுக்கும், குளிர்கால ஈரத்தைப் பொறுக்காது. பனி உருகிச் சொட்டும் இடத்தில் வைத்தால் போச்சு. நீண்ட முள் இல்லை என்பதால் கையால் பிடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், சுணை இருக்கிறது.

சுணையைப் பற்றி ஒரு வார்த்தை. மடலில் முள் முளைக்கும் ஒவ்வொரு கண்ணிலும் கொத்தாக இருக்கும் இந்த நுண்முட்கள் பின்னோக்கிய கொக்கி உள்ளவை. பெரிய முள் குத்தினால் பிடுங்கிவிடலாம், சுணை ஏறினால் இரண்டு நாள் கண்ணுக்கே தெரியாமல் உறுத்தும். தோல் கையுறையில் ஏறினால் கையுறையையே தூக்கிப்போட வேண்டியதுதான். சமையலறை இடுக்கியும், பல மடிப்பாக மடித்த செய்தித்தாளும் போதும். ஆனால் இந்தத் தோட்டத்தின் உண்மையான துன்பம் களைதான். முள் பத்தைக்கு நடுவே சீட் கிராஸ் என்ற களைப்புல் முளைத்துவிட்டால் நீளமான இடுக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக இழுக்க வேண்டும். பராமரிப்பே வேண்டாத செடி என்று விற்கிறவர்கள் யாரும் களை பிடுங்கியவர்கள் இல்லை. பத்தையாகப் படரும் வகைகளைவிட, கொஞ்சம் நிமிர்ந்து, இடைவெளி விட்டு வளரும் வகைகளுக்கு நான் இன்று கூடுதல் மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான்.

ஆலங்கட்டி மழையும் உண்டு. 2017 மே 8ஆம் தேதி மேற்குப் புறநகர்களைப் பதம் பார்த்த மழையில் விழுந்த தழும்புகள் பழைய மடல்களில் போகவே இல்லை. செடிக்கு ஆபத்தில்லை, அழகுக்குத்தான்.

பழம் தின்னலாமா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நம் ஊர் வேலியோரத்தில் பறித்து, தரையில் தேய்த்துச் சுணை போக்கி, நாக்கு சிவக்கத் தின்ற பழத்தை எதிர்பார்க்காதீர்கள். பாலியகாந்தாவின் பழம் காய்ந்த முள் உருண்டை. ஒபன்ஷியா ஃபேயகாந்தா என்ற இன்னொரு வகையில் ஊதா நிறத்தில் சாறுள்ள பழம் வரும், விதைதான் பாதி.

இப்போது கலப்பினம். இந்தச் செடிகள் தாமாகவே கலந்துகொள்பவை. அமெரிக்க வடமேற்கின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் ஃப்ராஜிலிஸும் பாலியகாந்தாவும் கலந்து உண்டான கள்ளிக்கு ஒபன்ஷியா கொலம்பியானா என்றே பெயர். கலிஃபோர்னியாவின் லூதர் பர்பாங்க் முள்ளில்லாத சப்பாத்திக் கள்ளியை உருவாக்கி 1907இல் விலைப்பட்டியல் போட்டு விற்றார். பாலைவனமெல்லாம் மாட்டுத் தீவனம் விளையப்போகிறது என்று பேச்சு. அவருடைய செடிகள் பனியில் நிற்கவில்லை. முள் இல்லாததால் வேலி போடாவிட்டால் விலங்குகள் மேய்ந்து முடித்தன. முள் இல்லாமை, குளிர் தாங்கல், நல்ல பூ மூன்றையும் ஒரே செடியில் சேர்ப்பது இன்றுவரை இந்தப் பித்துப் பிடித்தவர்களின் கனவு. நானும் அதில் ஒருவன்.

செய்முறை எளிது. மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையில் அடையாளம் காணலாம், நுனி தளர்ந்திருக்கும். பிளேடால் சுற்றிக் கீறி இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள சூல்முடியை மட்டும் விட்டு, மெல்லிய வலைப்பையால் கட்டிவிட வேண்டும். காலை பத்து மணிவாக்கில் சூல்முடி விரிந்ததும் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, மறுபடி பை, பிறகு சீட்டு. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எங்கள் வெயிலில் ஒரு கோடை தாங்காது. தந்தைப் பூவில் மகரந்தம் எடுக்கும்போது ஒரு வேடிக்கை உண்டு. தூரிகை பட்டதும் மகரந்தத்தாள்கள் எல்லாம் மெல்ல உள்நோக்கி வளையும். தேனீ உள்ளே இறங்கினாலும் இப்படித்தான். இதைக் காட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நகரமாட்டார்கள். பிற்பகலில் இடிமழை வரும் ஜூன் மாதம் என்பதால் எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் வில்லங்கம். முதலில் குரோமோசோம். இந்தப் பேரினத்தின் அடிப்படை எண் 11. பசிலாரிஸ் பெரும்பாலும் 22, பாலியகாந்தா பெரும்பாலும் 44. இரண்டிலிருந்தும் பாதிப் பாதி (11, 22) சேர்ந்தால் 33, சரிபாதியாகப் பிரியாத எண், அதாவது பிள்ளை வளரும், பூக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு விதை தராது என்றே எடுத்துக்கொள்ளலாம். அழகான செடியோடு பாதை முடிந்துவிடும். மடலை நட்டுப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதால் தோட்டக்காரருக்கு நஷ்டமில்லை, கலப்பினம் செய்பவருக்கு உண்டு.

இரண்டாவது இன்னும் குறும்பானது. சப்பாத்திக் கள்ளி விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் வரும். அவற்றில் சில, மகரந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டானவை, அதாவது தாயின் குளோன். நீங்கள் பை கட்டி, சீட்டு எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வளர்த்தது தாயின் நகலாக இருக்கலாம். அதனால் தாயில் இல்லாத, கண்ணுக்குச் சட்டென்று தெரியும் ஒரு குணம் உள்ள செடியைத் தந்தையாக எடுக்கிறேன். முள் நிறைந்த தாய், முள்ளில்லாத தந்தை என்றால் பூவுக்குக் காத்திராமல், மடலைப் பார்த்தே நகல்களைக் கழித்துவிடலாம்.

விதையும் லேசில் முளைக்காது. எலும்பு போன்ற ஓடு. உப்புத்தாளில் தேய்த்து, ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் குளிர்காலம் முழுக்க வைக்கலாம். அல்லது அக்டோபரில் தொட்டியில் விதைத்து வெளியிலேயே பனியில் விட்டுவிடலாம். நான் இப்போது இரண்டாவது வழிதான். சில விதைகள் அடுத்த வசந்தத்தில் வரும், சில அதற்கடுத்த வசந்தத்தில். தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். முளைத்ததிலிருந்து பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு.

அந்த இடைக்காலம்தான் எனக்குப் பிப்ரவரிப் புத்தியைக் கற்றுக்கொடுத்தது. பூ இல்லாத ஆண்டுகளில் நாற்றுகளை வேறெதை வைத்து மதிப்பிடுவது? எது சுருங்கினாலும் நிறத்தோடு இருக்கிறது, எது பனி போனதும் முதலில் நிமிர்கிறது, எதன் கழுத்து அழுகுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். நான் வைத்துக்கொண்டதில் மிகச் சிறந்தது, சாதாரண மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடி. குளிரில் பீட்ரூட் நிறமாகிறது, மடல்கள் பாதி நிமிர்ந்தே நிற்கின்றன. பூவைக் கண்காட்சிக்கு அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்கு நேர்மாறாக, பீச் நிறத்தில் சிவப்புத் தொண்டையோடு பூத்த ஒன்றை எல்லோரும் மடல் கேட்டு வாங்கிப்போனார்கள். குளிரில் அது சாம்பல் குப்பை. கொடுத்துத் தீர்த்ததில் எனக்கு நிம்மதி.

பூச்சி விஷயத்தில் நமக்கொரு பழைய கணக்கு உண்டு. மடலில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக வழிந்தால் அது கொச்சினீல், சிவப்புச் சாயம் தரும் பூச்சி. கொலராடோவில் இது உள்ளூர்ப் பூச்சி. இந்தச் சாயத்துக்காகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்தது நல்ல சாயப்பூச்சி அல்ல, அதன் மட்டமான உறவுக்காரப் பூச்சி. அது நல்ல சாயம் தராமல் கள்ளியைத் தின்றது. அதையே பிறகு கள்ளியை ஒழிக்கவென்று தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். 1926இல் இன்னொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து தருவித்து வேலிக் கள்ளியையும் அடக்கினார்கள். என் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை வேகமாக அடித்தால் பெரும்பாலும் போய்விடுகிறது, மிஞ்சினால் சோப்புக் கரைசல். இதை அடிப்பது கோடையின் வறண்ட நாட்களில் மட்டும்.

டொரண்டோ பக்கம் இருப்பவர்கள் பாலியகாந்தாவைவிட, கிழக்குப் பகுதிக்குரிய ஹ்யூமிஃப்யூசா கூட்டத்தைச் சேர்ந்ததைத் தேடுங்கள். ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும். ஒன்டாரியோவின் பாய்ண்ட் பெலீயில் காட்டிலேயே வளர்கிறது, ஆனால் அங்கே அது அழிவின் விளிம்பில் உள்ள, சட்டப் பாதுகாப்பு பெற்ற செடி. அங்கிருந்து ஒரு மடலும் ஒடிக்கக் கூடாது, நர்சரியில் வளர்த்ததைத்தான் வாங்க வேண்டும். லண்டன் நண்பர்களுக்கு, நவம்பர் முதல் மார்ச் வரை மேலே ஒரு கண்ணாடிப் பலகை, பக்கங்கள் திறந்தபடி. குளிருக்கல்ல, மழைக்கு. சென்னைக்கு மடல் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் இல்லை என்கிறேன். தாவரத் தடைக்காப்பு அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் ஐப்பசி மழையில் அழுகிவிடும்.