கம்பத்துப் பெட்டியைக் காட்டி இணையம் விற்கிறார்கள், கவனம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கழுத்தில் அடையாள அட்டையுடன் ஓர் இளைஞர் வீடு வீடாக வந்து கம்பியில்லா வீட்டு இணையம் விற்கிறார். தனியாக இருந்த என் அம்மாவை வாசலுக்கு அழைத்து, எதிரே கம்பத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டியிருக்கிறார். "அன்ரி, அதுதான் எங்கள் சிக்னல் பெட்டி. இவ்வளவு கிட்ட இருப்பதால் உங்களுக்கு ஃபைபர் வேகமே கிடைக்கும்" என்று சொல்லி, ரவுட்டருக்கும் முதல் மாதக் கட்டணத்துக்கும் பணம் வாங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பெட்டியிலிருந்து எந்த அலையும் வெளிவருவதில்லை. அது ஃபைபர் இணைப்பை, அதாவது கண்ணாடி இழை வயர் வழியாக வரும் இணையத்தை, பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. உள்ளே ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிப் பாகத்துக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் அதற்கு மின்வயர் போகாது. மெல்லிய கறுப்பு வயர்கள் மட்டும் வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போகும். மேலதிக வயரைச் சுருட்டிக் கம்பத்திலேயே கட்டியிருப்பார்கள். உருளை வடிவில் தொங்குவது வயர்களை ஒன்றோடொன்று இணைத்த மூட்டு. அதுவும் சிக்னல் தராது. உண்மையான அன்டெனா பெரும்பாலும் கோபுரத்திலோ உயர்ந்த கட்டடத்தின் மொட்டைமாடியிலோ நீண்ட பலகைபோல நிற்கும். சில இடங்களில் தெருக் கம்பங்களிலும் சிறிய அன்டெனாக்கள் உண்டு, ஆனால் அவற்றுக்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும்.

இன்னும் கோபமூட்டும் விடயம், அந்தப் பெட்டியின் மூடியில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் பெயர். வாசலுக்கு எதிரே ஃபைபர் வந்து நிற்க, அதையே சாட்சியாகக் காட்டி 4ஜி ரவுட்டரை அம்மாவின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்கு வரும் அலையோ தொடர்மாடிகளைத் தாண்டி, வேறெங்கோ நிற்கும் கோபுரத்திலிருந்து வருகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றோர் எண் இருக்கும், அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை அது காட்டும். அது மைனஸ் 80, 90 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110க்கும் கீழே போனால் மிகப் பலவீனம். எங்கள் வரவேற்பறையில் மைனஸ் 113. மாலையில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதே கோபுரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும், வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் முகம் அம்மாவின் திரையில் உறைந்துவிடுகிறது.

ரவுட்டர் வந்த பெட்டியைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது என்கிறது அதை விற்ற நிறுவனம். வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்று படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். கம்பத்தைக் காட்டிச் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை.

ஆகவே, யாராவது வந்தால், அவருடைய ரவுட்டரை உங்கள் அறைக்குள்ளேயே, இரவு எட்டு மணியளவில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாய்மொழி வாக்குறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பணம் கொடுத்துவிட்டவர்கள் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை 1900இலும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977இலும் அழைக்கலாம். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை அந்த அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 30ஆம் பிரிவில் தடை செய்கிறது. நாங்கள் கம்பத்துப் பெட்டியின் படத்தையும் பற்றுச்சீட்டையும் இணைத்து இரண்டு இடத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் உங்கள் பற்றுச்சீட்டையும் எடுத்து வையுங்கள்.