விளைக்குச் சிறுவிடையா, வனராஜாவா?

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தை அடுத்த எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தென்னைக்கும் ரப்பருக்கும் இடையே மேயவிட எந்தக் கோழி ஏற்றது என்று யோசித்தபோது, ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜாவும் நம் நாட்டுச் சிறுவிடையும்தான் எதிரெதிரே நின்றன. நான் சிறுவிடையையே தேர்ந்தேன். 2018இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழியான கடக்நாத்தை நான் வளர்த்ததில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எடையிலும் முட்டையிலும் வனராஜா முந்தும். கீரிக்குத் தப்பி மரமேறுவதில் சிறுவிடை முந்தும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி இரண்டுக்கும் வேண்டும். நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது என்பது வெறும் பேச்சு.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அடைகாக்கும் குணம்தான். வனராஜா அடையில் அமர்வது அரிது. கலப்பில் பிறந்த இனமாதலால், அதன் முட்டையைப் பொரிக்கவைத்தாலும் குஞ்சுகள் தாயின் குணத்தை ஒரே சீராகக் கொண்டிருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் குஞ்சு வாங்கி, மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப்போய் வரும் நாட்களிலும் பல்பு வெப்பத்தில் காக்க வேண்டும். சிறுவிடையோ 21 நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்து, பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துத் தானே வளர்த்துவிடுகிறது. அடைகாக்கும் காலத்திலும் குஞ்சோடு திரியும் வாரங்களிலும் அது முட்டையிடாது. ஆண்டு முட்டைக் கணக்கு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நாட்களில் குஞ்சுகள் வளர்வதால், அதை நான் இழப்பாகவே எண்ணுவதில்லை.

ஆனால் சிறுவிடையை வாங்கி விட்டால் மட்டும் இனம் நிலைக்காது. பக்கத்து விளையின் வனராஜாச் சேவல் வேலி தாண்டினால் போதும், கலப்பு தொடங்கிவிடும். ஒருமுறை இணைந்த பெட்டை இரண்டு மூன்று வாரம்வரை கருவுற்ற முட்டையிடக்கூடும். அதனால் அடைக்கான முட்டையைச் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே பெட்டைகளை நம் சேவலோடு தனியே அடைப்பது அவசியம். அதே சேவலை அதன் மகள்களோடு விடாமல், தொலைவிலுள்ள வேறொரு சிறுவிடைக் கூட்டத்துச் சேவலை இடையிடையே மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

கிறிஸ்துமஸை எண்ணி, ஏறக்குறைய ஒரே எடையில் ஒரு தொகுதியை மொத்தமாக விற்க நினைப்பவருக்கு வனராஜாவே தோது. அவர் அடுத்த விளைக்காரராக இருந்தால், சேவல்களை மட்டுமாவது அடைத்து வளர்க்கும்படி கேட்டுக்கொள்வேன்.