தைவான் கையேட்டை ஸ்பானிய மொழிக்குக் கொடுத்து ஏமாந்தேன்: முன்பணம் கட்டுமுன் படியுங்கள்

தைப்பேயில் நான் பணிபுரியும் சிறிய பண்பாட்டு அமைப்பு, விழாக்களையும் உணவையும் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றைக் குவாத்தமாலா வாசகர்களுக்காக ஸ்பானிய மொழியில் கொண்டுவரும் பொறுப்பைச் சென்ற ஆண்டு என்னிடம் ஒப்படைத்தது. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, சீனமும் அறிந்த ஒருவரே இதைச் செய்வார் என்று ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் மின்னஞ்சலில் உறுதியளித்ததை நம்பி, முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தினேன். மூலச் சொற்களைச் சீன எழுத்திலேயே பட்டியலிட்டு அனுப்பியும் இருந்தேன். அதை யாரும் பார்க்கவே இல்லை என்பது கைக்கு வந்த பிரதியின் முதல் பக்கத்திலேயே தெரிந்தது.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பேய் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் தைவான் மக்கள், அலையும் ஆவிகளை 'நல்ல சகோதரர்கள்' என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள். பிரதியில் அது விளக்கம் ஏதுமின்றி 'புவெனோஸ் எர்மானோஸ்' என்று இருந்ததால், யாரோ உடன்பிறந்தார்களுக்கு விருந்து படைக்கிறார்கள் என்றே வாசகர் எண்ணுவார். அந்த ஆவிகளுக்காக எரிக்கும் காகிதப் பணம், சொல்லுக்குச் சொல் 'பேய்ப் பணம்' என்று பொருள்படும் 'தினேரோ ஃபந்தாஸ்மா' ஆகியிருந்தது. ஸ்பானிய மொழியில் அது இல்லாத பணம், மோசடிப் பணம் என்ற எண்ணத்தையே எழுப்பும். தெய்வங்களுக்குப் பொன் தாள், ஆவிகளுக்கு வெள்ளித் தாள் என்று வழிபடுவோர் கவனமாகக் காக்கும் வேறுபாடும் அந்த ஒரே தொடரில் தொலைந்துபோயிற்று.

மூங்கில் இலையில் பொதிந்து வேகவைக்கும் பசையரிசி உணவான சொங்ஸி, ஆங்கிலத்தில் 'டம்ப்ளிங்' என்றிருந்த ஒரே காரணத்தால், மாவுக்குள் பூரணம் வைத்த 'எம்பனாதியா' ஆயிற்று. சிப்பி ஆம்லெட்டைத் 'தோர்தியா' என்று எழுதியிருந்தார்கள். ஸ்பெயினில் அது பொருந்தும், குவாத்தமாலாவிலோ அது சோள ரொட்டி.

என்னை மிகவும் வருத்தியது பாக்குதான். பாக்கை 'பீட்டல் நட்' என்னும் ஆங்கில வழக்கே வெற்றிலையின் பெயரைக் காயின்மீது ஏற்றிய குழப்பம். 'பீட்டல்' என்பது மலையாள 'வெற்றில' போர்த்துக்கீசியர் வாயிலாகப் பெற்ற வடிவம். வெற்றிலையில் பாக்கையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுற்றுவதை விளக்கும் வாக்கியத்தில், இலையும் காயும் இரண்டுமே 'பெத்தெல்' ஆகிவிட்டதால், எதை எதில் சுற்றுவது என்றே புரியவில்லை.

முறையிட்டபோது, ஆங்கிலத்தில் உள்ளதையே பெயர்த்தோம் என்று பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் யார் என்று மூன்று முறை கேட்டும் சொல்லவில்லை. இத்தகைய பணியைக் கொடுக்க இருப்பவர்கள், மொழிபெயர்ப்பவருடன் நேரடியாகப் பேசுங்கள். கடினமான பத்துச் சொற்களைக் கொடுத்து, எந்த நாட்டு வாசகருக்கு என்பதையும் சொல்லி, மாதிரியைப் பார்த்த பிறகே பாதித் தொகையைக் கொடுங்கள். நான் வேறொருவரிடம் மீண்டும் பணம் கொடுத்து, முழுக் கையேட்டையும் முதலிலிருந்து எழுதி வாங்கினேன். அந்த நிறுவனம் இன்றுவரை ஒரு காசும் திருப்பித் தரவில்லை.