ஆரணிப் பட்டும் 1600 பிக்சலும்: ஏழு வருஷமாகப் படம் சுருக்கிய அனுபவம்

என் லேப்டாப்பில் 'அசல் - தொடாதே' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அந்த எச்சரிக்கை வேறு யாருக்கும் இல்லை, எனக்குத்தான். 2019ல் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், 212 சேலைப் படங்களை 800 பிக்சலுக்குச் சுருக்கி அசல் படங்கள் மேலேயே சேமித்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு மாதம் கழித்து ஒரு கண்காட்சி ஸ்டாலுக்கு ஆறடி அகலத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனபோதுதான், கடைக்காரர் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், ஸ்டாம்ப் சைஸ்ல கொண்டாந்துக்கீறீங்க?" என்றார். ஆறடி என்றால் 72 அங்குலம். 800 பிக்சலை அதில் பரப்பினால் அங்குலத்துக்குப் பதினொன்றுதான் வரும். அசலில் 6000 பிக்சல் அகலம் இருந்தது. அதை வைத்திருந்தால் அங்குலத்துக்கு 83 வந்திருக்கும், ஃப்ளெக்ஸுக்கு அது தாராளம்.

முன்கதை இதுதான். அண்ணியின் பிறந்த வீடு ஆரணி, தறி வீடு. 2018ல் அண்ணி வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கினார். காட்பாடியில் இருக்கும் எனக்கு, கேமரா இருக்கிறது என்ற ஒரே தகுதியில், படம் எடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கண்ணமங்கலம் வழியாக ஆரணி போய், மொட்டை மாடியில் ஒன்பது மணிக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நம் ஊர் வெயிலில் ஜரிகை எல்லாம் வெள்ளைத் தகடாகிவிடும். ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது படங்கள். ஒவ்வொன்றும் 24 மெகாபிக்சல், ஒன்பது பத்து எம்பி.

இத்தனை பெரிய படத்தை அப்படியே அனுப்பினால் என்ன என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அதுவே சுருக்கி, அழுத்தித்தான் அனுப்பும். 2023ல் எச்டி வசதி வந்தபின்னும் அசல் கோப்பு அப்படியே போவதில்லை. அப்படியே போக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், அதை வாங்குகிறவர் திறந்து பார்க்கும் பொறுமையோடு இருக்க வேண்டும். சேலை வாங்குகிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் நீளப் பக்கம் 1600 பிக்சலாக நானே சுருக்கி, லேசாகக் கூர்மையாக்கி அனுப்புகிறேன். ஜரிகைக் கோடு கரையாமல் நிற்பது இந்த வழியில்தான். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் அகலம் 1080.

இதற்கு நான் ஏழு வருஷமாகப் பயன்படுத்துவது இர்ஃபான்வியூ. 1996லிருந்து இருக்கிற விண்டோஸ் மென்பொருள். பார்க்கப் பழைய பாத்திரக் கடை மாதிரி இருக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று முதலாளிக்குத்தான் தெரியும். ஆனால் என்னுடைய பழைய லேப்டாப்பில் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். நமக்கு இது வியாபாரம் என்பதால் உரிமம் வாங்கிவிட்டேன். மேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அதற்கு இது கிடையாது.

'பி' விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் ஜன்னல் வரும். அங்கே இரண்டு இடத்தில் கண் வைக்க வேண்டும். ஒன்று, எந்த ஃபோல்டரில் சேமிக்கப்போகிறது என்பது. 2019 ராத்திரி நான் கோட்டை விட்டது அங்கேதான். இரண்டாவது, அகலம் உயரம் இரண்டையும் தட்டச்சு செய்யாமல் நீளப் பக்கத்தை மட்டும் கொடுப்பது. ஆரம்பத்தில் நான் இரண்டையும் கொடுத்து, விகிதத்தைக் காக்கும் டிக்கையும் எடுத்துவிட்டு ஒரு செட் அனுப்பினேன். அண்ணிதான் சேலையைக் கட்டி நின்றிருந்தார். போன் வந்தது: "இன்னா தம்பி, என்னை இப்படி அகலமா ஆக்கிட்டீங்க?" அந்த வாரம் எனக்கு டீ கூடக் கிடைக்கவில்லை.

அடுத்தது கட்டம் போட்ட சேலைகள். சின்னச் சின்னக் கட்டம் நெருக்கமாக இருக்கும் சேலையைச் சுருக்கியபோது, நெய்யாத அலை ஒன்று துணி மேல் ஓடியது. தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போன்ற வளைவுகள். ஒரு வாடிக்கையாளர் இது வாட்டர் டிசைனா என்று கேட்டே விட்டார். காரணம் சாதாரணம்தான். இர்ஃபான்வியூவில் சுருக்க இரண்டு வழி உண்டு: வேகமான ரீசைஸ், தரமான ரீசாம்பிள். வேகமான வழி நடுநடுவே பிக்சல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும். நெசவின் இழை ஒரு தாளத்தில், வீசிப்போடும் கணக்கு இன்னொரு தாளத்தில் போவதால் இல்லாத அலை பிறக்கிறது. ரீசாம்பிளில் லான்சோஸ் என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சுருக்கும். அந்தச் சேலையை மறுபடி அப்படிச் சுருக்கி அனுப்பினேன், அலை காணோம். சேலை விற்றதா என்று கேட்காதீர்கள், வாட்டர் டிசைன் என்று நினைத்தவருக்கு அதுதான் பிடித்திருந்ததாம்.

சுருக்கினால் படம் கொஞ்சம் மொழுக்கென்று ஆகும். அதனால் கூர்மையாக்குவது சுருக்கிய பிறகு, அதுவும் கொஞ்சம்தான். எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கற்றுக்கொண்டது சேலையில் இல்லை, வேலூர்க் கோட்டைக்குள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களின் யாளிகளைத்தான் நான் சோதனைக்கு வைத்துக்கொள்கிறேன். ('சாமி இல்லாத கோயில்' என்று பழைய வேலூர்க் கேலி ஒன்று உண்டு. 1981ல் சாமி திரும்பி வந்துவிட்டார், கேலி மட்டும் போகவில்லை.) யாளியின் பல்லைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோடு வருவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் ஜரிகைக்கும் அதுவே சரியாக இருக்கிறது.

இனி சேமிக்கும் விஷயம். கேமராவும் போனும் வழக்கமாகச் சேமிக்கும் பட வடிவம் ஜேபெக். அது படத்தைச் சின்னதாக்குவது கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரத்தை வீசிவிட்டுத்தான். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கத்தைக் குறைக்கும். திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இது மறுபடி நடக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. திறந்து பார்ப்பதாலோ காப்பி எடுப்பதாலோ ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். அண்ணியிடமிருந்து ஒரு படம் நாலைந்து குரூப் சுற்றி, யாரோ மேலே விலை எழுதி, இன்னொருவர் வெட்டி, கடைசியில் என்னிடமே 'இந்தச் சேலை இருக்கா' என்று வரும்போது பார்க்க வேண்டும். பார்டரில் இருந்த அன்னம் கோழிக்குஞ்சு ஆகியிருக்கும்.

சேமிக்கும் அமைப்பு ஜன்னலில் தர அளவை 85ல் வைக்கிறேன். 1600 பிக்சல் சேலைப் படம் 400 முதல் 600 கேபிக்குள் வந்துவிடும், பின்னால் வெறும் சுவர் அதிகம் என்றால் இன்னும் குறையும். 100ல் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோப்பு வீங்குகிறதே தவிரக் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே கெட்ட படத்தை 100ல் சேமித்தால் கெட்டுப்போனது பத்திரமாகச் சேமிக்கப்படும், அவ்வளவுதான். இந்த எண் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு கணக்கு, ஒன்றின் 85 இன்னொன்றின் 85 ஆகாது.

எண்ணை விட எனக்கு உதவியது அதே ஜன்னலில் இருக்கும் ஒரு டிக். ஜேபெக் பெரும்பாலும் வெளிச்ச விவரத்தை முழுசாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் பாதி அகலம் பாதி உயரத்துக்குக் குறைத்துவிடும். மனிதக் கண் நிறத்தில் அவ்வளவு கூர்மை இல்லை என்பதால் முகம், மலை, மேகம் எல்லாவற்றுக்கும் இது பரவாயில்லை. ஆனால் அரக்குச் சிவப்பு பார்டரை ஒட்டி மெல்லிய பச்சை இழை ஓடினால், சாயம் ஊறியது போலத் தெரியும். பட்டுச் சேலையில் சாயம் ஊறியது போலத் தெரிந்தால் வியாபாரம் என்ன ஆகும்? நிறக் குறைப்பை நிறுத்தும் டிக்கைப் போட்டேன், கோப்பு கொஞ்சம் பெருத்தது, ஓரம் சுத்தமாயிற்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

நிறம் இன்னொரு தலைவலி. கேமராவில் அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி என்று நிறத்தைப் பதியும் முறைகள் இரண்டு இருக்கும். முதலாவது அதிக நிறங்களைப் பிடிக்கும் என்று எங்கோ கேட்டு அதில் வைத்திருந்தேன். மயில் கழுத்துப் பச்சை எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்த மாதிரி போய்ச் சேர்ந்தது. அந்த நிறக் குறிப்பைப் படிக்காத ஆப்களும் திரைகளும் எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்வதால் வந்த வினை. கேமராவையே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினேன், முடிந்தது.

டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண், பற்றி ஒரு வரி. 'இணையத்துக்கு 72 வைக்கணும் சார்' என்று பிரவுசிங் சென்டரில் சொல்வார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாமல் 300ஐ 72 ஆக்கினால் திரையில் எதுவும் மாறாது. அது அச்சுக்கான குறிப்பு.

போனில் எடுக்கும் படங்களில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. லொக்கேஷன் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். அண்ணி வீட்டு மொட்டை மாடியை முன்பின் தெரியாதவர் வரைபடத்தில் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? அதனால் வெளியே போகும் படங்களில் எக்சிஃப் விவரத்தை, அதாவது படத்துக்குள் ஒளிந்திருக்கும் இந்த மாதிரிக் குறிப்புகளை, நீக்கிவிடுகிறேன். ஒரு சிக்கல்: படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. திருப்பாமல் நீக்கினால் எல்லாச் சேலையும் படுத்துக்கொள்ளும். எக்சிஃப்படி தானாகத் திருப்பும் அமைப்பை முதலில் போட்டுவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலைப்பட்டியல் மாதிரி எழுத்து இருக்கும் படத்துக்கு, எதையும் வீசாமல் சேமிக்கும் பிஎன்ஜி வடிவம்தான். ஜேபெக்கில் தமிழ் எழுத்தின் சுழிகளைச் சுற்றி மணல் ஒட்டிய மாதிரி இருக்கும். ஆனால் சேலைப் படத்தை பிஎன்ஜியில் சேமித்தால் மூன்று நாலு எம்பி ஆகும். வெப்பி என்ற புது வடிவம் நன்றாகவே சுருங்குகிறது, இருந்தாலும் ஃப்ளெக்ஸ் கடையில் திறக்கவில்லை என்பதால் நான் விட்டுவிட்டேன். ஐபோன் வைத்திருக்கும் அண்ணனின் படங்கள் ஹெச்இஐசி என்ற ஐபோன் வடிவத்தில் வந்து தொல்லை கொடுத்தன, கேமரா அமைப்பில் அதிகம் ஒத்துப்போகும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒற்றைப் படத்துக்கு ஸ்குவூஷ் என்ற இணையதளம் அருமை, பிரவுசரிலேயே வேலை செய்யும், நடுவில் ஒரு கோட்டை நகர்த்தி முன்னும் பின்னும் பார்க்கலாம், படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் பெரிய வேலைக்கு. நூறு படம் சுருக்க அதைத் திறப்பது வீட்டுக் கொசுவுக்குப் பீரங்கி.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்கும் இதே இர்ஃபான்வியூதான். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் என்றால், பக்க அளவைக் குறைத்துவிட்டு, ரையட் என்ற துணைநிரல் வழியாக 45 கேபி என்று எண்ணைக் கொடுத்தால் அதுவே தரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் மசியாதது, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயர் சொல்லும் எம்.எஸ். நீலம். என் திரையில் ஒரு நீலம், அண்ணி போனில் ஒரு நீலம், வாங்குகிறவர் போனில் மூன்றாவது நீலம். போன மாதம் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சேலைக்குப் படத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் போகிறது: "நேர்ல இதைவிட ஒரு சாயல் கம்மியா இருக்கும்மா, ஜன்னல் பக்கம் வீடியோ கால்ல காட்டறேன், பாத்துட்டு சொல்லுங்க."